டிராஃப்டுக்கு முன் கல்லூரி வைடு ரிசீவரை எடைபோடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஏப்ரல் கடைசியில் என்எஃப்எல் டிராஃப்ட், அதாவது அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைச் சுற்றுச்சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி. நாம் எடைபோடப்போவது வைடு ரிசீவரை, அதாவது எறிந்த பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பவனை. பிப்ரவரியிலேயே ஆளாளுக்கு ஒரு பட்டியல் போட ஆரம்பித்துவிடுவார்கள். புதிதாக இதில் இறங்குகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று சில வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதலில் ஹைலைட்ஸ் வீடியோ, அப்புறம் 40 யார்டு ஓட்ட நேரம், அப்புறம் யாரோ போட்ட தரவரிசை, கடைசியில் பொறுமை மிச்சமிருந்தால் ஒரே ஒரு முழு ஆட்டம். அதையும் ஏற்கெனவே எடுத்த முடிவு சரிதான் என்று மனதைத் தேற்றிக்கொள்ளத்தான் பார்க்கிறார்கள்.

வேலை அதேதான், வரிசைதான் தப்பு. தலைகீழாகப் போனால் பாதிப் பிழைகள் தானாகவே விழுந்துவிடும். ஆட்டத்தின் அடிப்படை விதிகள் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு ஆட்டக்காரருக்கு நான்கு முழு ஆட்டங்கள் வேண்டும். ஹைலைட்ஸ் இதில் சேராது. ஒரு ரிசீவர் ஒரு ஆட்டத்தில் 30, 35 ரூட் (பந்தைப் பிடிக்க வகுத்த பாதை) ஓடினால் பந்து அவன் பக்கம் வருவது எட்டோ பத்தோ தடவைதான். மிச்சமுள்ள ஓட்டங்களில்தான் ஆள் யார் என்று தெரியும், ஹைலைட்ஸ் போடுகிறவர் வெட்டி எறிவதும் சரியாக அவற்றைத்தான்.

எந்த நான்கு? நல்ல கார்னர்பேக் (ரிசீவரை மறிக்கும் தடுப்பாட்டக்காரர், சுருக்கமாக கார்னர்) இருக்கும் அணிகளுக்கு எதிராக இரண்டு, பையன் சொதப்பியது ஒன்று, முந்தைய வருடத்தில் ஒன்று. சொதப்பிய ஆட்டத்தை யாரும் விரும்பிப் பார்ப்பதில்லை, ஆனால் அதில்தான் விஷயம் அதிகம். குவார்ட்டர்பேக் சரியாக எறியவில்லையா, இரண்டு பேர் சேர்ந்து மறித்தார்களா, இல்லை ஒரே ஒரு நல்ல கார்னர் நெஞ்சில் கைவைத்து நிறுத்திவிட்டாரா? மூன்றுக்கும் ஸ்கோர் தாளில் ஒரே எண்தான் விழும்.

சிறிய கல்லூரிப் பையன் என்றால் பெரிய கல்லூரியோடு மோதிய ஆட்டத்தைத் தேடிப் பிடியுங்கள். கூப்பர் கப் ஈஸ்டர்ன் வாஷிங்டனில் மொத்தம் 428 கேட்ச், 6,464 யார்டு எடுத்தவர். கீழ்ப்பிரிவில் யார் வேண்டுமானாலும் குவிக்கலாம் என்று அதைத் தள்ளிவிடலாம். 2015இல் ஆரிகன் அணிக்கு எதிராக 15 கேட்ச், 246 யார்டு, 3 டச்டவுன் எடுத்தாரே, அதைத் தள்ள முடியாது.

இன்னும் சில வேண்டும்: பிறந்த தேதி, ஒவ்வொரு சீசனிலும் அவன் அணியின் மொத்த பாஸிங் யார்டும் டச்டவுனும், கூட ஆடிய மற்ற ரிசீவர்களின் பெயர்கள், ஒரு நோட்டு. நோட்டு என்றால் நிஜமான நோட்டு, அல்லது ஒரு ஷீட். மனதில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் மூன்றாவது பையனைப் பார்க்கும்போது முதல் பையன் மங்கிப்போயிருப்பான்.

ஒரு சங்கடத்தையும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். மைதானத்தின் 22 பேரும் தெரியும் ஃபிலிம் அணிகளுக்குக் கிடைக்கும், நமக்குப் பெரும்பாலும் டிவி ஒளிபரப்புதான். டிவி கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும், ஸ்னாப் ஆகி, அதாவது பந்து பின்னால் கொடுக்கப்பட்டு ஆட்டம் தொடங்கி, ஒன்றிரண்டு வினாடியில் ரிசீவர் திரையை விட்டுப் போய்விடுவான். பரவாயில்லை, முதல் நான்கைந்து அடி எப்போதும் தெரியும், ரீப்ளேயில் மிச்சம் சிலசமயம் கிடைக்கும். தெரியாத இடத்தில் நோட்டில் ‘தெரியவில்லை’ என்றே எழுதுங்கள். பந்து வரவில்லை, அதனால் மாட்டிக்கொண்டிருப்பான் என்று நாமாக நிரப்பக் கூடாது. எதிர்ப்பக்கம் ஒருவன் முன்னதாகவே இடைவெளி கண்டிருக்கலாம், இவன் பக்கம் குவார்ட்டர்பேக் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

கையில் இருக்கக் கூடாதது ஒன்று உண்டு: அடுத்தவர் தரவரிசை. உங்கள் குறிப்பு முடிந்த பிறகு பாருங்கள், அதில் தப்பே இல்லை. முதலிலேயே பார்த்தால் 5ஆம் இடத்துப் பையனின் டிராப் (பிடிக்க வேண்டிய பந்தை நழுவவிடுவது) கவனக்குறைவாகத் தெரியும், 40ஆம் இடத்துப் பையனின் அதே டிராப் கைக்கோளாறாகத் தெரியும்.

முதல் வருடம் எட்டுப் பேர் போதும். ஐம்பது பேருக்குக் குறி வைத்தவர்களில் பத்தைத் தாண்டியவர்களை நான் பார்த்ததில்லை.

2. ஆளைப் பார்க்கும் முன் அவன் நிற்கும் இடத்தைப் பாருங்கள்

கல்லூரி மைதானமும் தொழில்முறை மைதானமும் ஒரே அளவுதான், ஆனால் ஹேஷ் கோடுகள், அதாவது பந்தை எதற்குள் வைத்து ஆட்டம் தொடங்க வேண்டும் என்று காட்டும் கோடுகள், வேறு. கல்லூரியில் இரண்டுக்கும் நடுவே 40 அடி, என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். பந்து ஒரு ஹேஷில் வைக்கப்படும்போது கல்லூரியில் ஒரு பக்கம் பெரிய வெட்டவெளி கிடைக்கும். அந்த அகலமான பக்கத்தில் நின்று ஒருவன் சும்மா ஓடியே இடம் கண்டுபிடித்தால், அதில் பாதி அவன் திறமை, பாதி அந்த 40 அடி.

தொடுவதற்கான விதியும் வேறு. என்எஃப்எல்லில் 5 யார்டைத் தாண்டிய பிறகு ரிசீவரைக் கைவைத்துத் தடுக்கக் கூடாது. கல்லூரியில் பந்து காற்றில் எழும்வரை முன்னால் நின்று மல்லுக்கட்ட முடியும். மேலே போகும்போது இது பையனுக்குச் சாதகமான விஷயம், மறந்துவிடாதீர்கள். இன்னொன்று, கல்லூரியில் ஒரு கால் உள்ளே பட்டால் கேட்ச், மேலே போனால் இரண்டு காலும் பட வேண்டும். பக்கக் கோட்டில் பிடிக்கும்போது இரண்டாவது காலை இழுத்து வைக்கப் பழகியிருக்கிறானா என்று ஒரு குறிப்பு போட்டுவைக்கலாம்.

இதைவிடப் பெரியது ஆட்டமுறை. கோரி கோல்மன் 2015இல் பேலர் பல்கலைக்கழகத்துக்காக 74 கேட்ச், 1,363 யார்டு, 20 டச்டவுன் எடுத்து, நாட்டின் சிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாஃப் விருதையும் வாங்கினார். அடுத்த வருடம் கிளீவ்லேண்ட் 15ஆவது தேர்வில் எடுத்தது. ஆனால் அன்றைய பேலர் ஆட்டமுறையில் ரிசீவர்கள் பக்கக் கோட்டை ஒட்டி ரொம்ப அகலமாக நிற்பார்கள், ஓடும் ரூட் வகைகள் கொஞ்சம்தான், பந்து தன் பக்கம் வராத பிளேயில் பல சமயம் ஓடவே மாட்டார்கள். அந்த ஃபிலிமை வைத்துக்கொண்டு டிக் ரூட் (நேரே ஓடி நடுப்பக்கம் சட்டென்று திரும்புவது) ஓடத் தெரியுமா என்று கேட்டால் பதில் இல்லை. பதில் இல்லாததற்குப் பையன் காரணமில்லை, ஆனாலும் அது ஒரு அபாயம்தான். என்எஃப்எல்லில் அவரால் நிலைக்க முடியவில்லை.

நேர் எதிராக டெர்ரி மெக்லாரின். ஓஹையோ ஸ்டேட்டில் கடைசி வருடம், 2018இல், 35 கேட்ச், 701 யார்டு. எண்ணை மட்டும் பார்த்தால் பக்கத்தைத் திருப்பிவிடுவோம். அந்த அணியில் பந்தைப் பங்குபோட நல்ல ரிசீவர்கள் நிறைய இருந்தார்கள். 2019இல் மூன்றாவது சுற்றில் 76ஆவதாக வாஷிங்டன் எடுத்தது, முதல் சீசனிலேயே 919 யார்டு, அடுத்த ஐந்து சீசன்களிலும் ஆயிரத்துக்கு மேல்.

அதனால் முதல் ஃபிலிமைத் திறக்கும் முன்பே நோட்டில் மூன்று வரி எழுதிவிடுங்கள்: இந்த அணி எப்படி ஆடுகிறது, பந்தை எறிகிறவர் யார், பந்துக்காகப் போட்டி போடுகிற மற்றவர்கள் யார்.

3. முதல் தடவை பந்தைப் பார்க்காதீர்கள்

கேட்கச் சுலபம், செய்வது கஷ்டம். கண் தானாகக் குவார்ட்டர்பேக்கிடம் போகும். ஸ்னாப்புக்கு முன் வீடியோவை நிறுத்தி, பையன் எங்கே நிற்கிறான் என்று கண்டுபிடித்து, விரலைத் திரையில் அவன் மேல் வைத்துவிட்டு ஓடவிடுங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஒரு ரூட்டுக்கு ஒரு வரி. வெளியே நின்றானா ஸ்லாட்டிலா (வெளி ரிசீவருக்கு உள்பக்கம்), இடமா வலமா, ஸ்கிரிமேஜ் கோட்டின் (ஆட்டம் தொடங்கும் கோடு) மேலா பின்னாலா, எதிரே கார்னர் எத்தனை யார்டில், என்ன ரூட், ஜெயித்தானா, எதனால். பந்து வந்ததா, பிடித்தானா என்பது கடைசிக் கட்டத்தில் போகட்டும்.

என் பழைய நோட்டிலிருந்து இரண்டு வரியைச் சொன்னால் புரியும். மூன்றாவது டவுன், 8 யார்டு தேவை, பையன் இடப்பக்கம் வெளியே நிற்கிறான், கார்னர் ஒரு யார்டில், உள்தோளுக்கு நேராக. ஸ்னாப் ஆனதும் பையன் இரண்டு சின்ன அடி வைத்துத் தலையை வெளிப்பக்கம் சாய்த்துக் காட்டுகிறான். கார்னர் ஏமாறவில்லை, இடுப்பு திரும்பவேயில்லை, வலது கையை நீட்டி நெஞ்சில் வைத்துவிட்டார். பையன் நின்ற இடத்திலேயே நிற்கிறான், கேமரா போய்விட்டது. நோட்டில்: ‘பிரஸ். தலையாட்டல் மட்டும். பிடிபட்டான்.’ பிரஸ் என்றால் கார்னர் நெருங்கி நின்று கைவைத்து மறிப்பது.

அதே ஆட்டம், நான்காவது குவார்ட்டர், அதே கார்னர், அதே தூரம். இந்தத் தடவையும் தலை வெளியே போகிறது, கை நெஞ்சுக்கு வருகிறது, ஆனால் பையனின் இடது கை மேலிருந்து இறங்கி அந்த மணிக்கட்டைத் தட்டிவிடுகிறது, அடுத்த அடியில் தோளோடு தோள், அதற்கடுத்த அடியில் முன்னால். பந்து வேறு பக்கம் போய்விட்டது. எந்த ஹைலைட்ஸிலும் எந்தப் புள்ளிவிவரத்திலும் வராத பிளே. என் கணக்கில் அந்த ஆட்டத்தில் அவன் செய்த மிகச் சிறந்த காரியம் அதுதான், ஏனென்றால் இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு தோல்விக்கு விடை கண்டுபிடித்திருக்கிறான்.

4. கிளம்புவது: பிரஸ்ஸை உடைக்கிறானா?

நான்கு ஆட்டக் குறிப்பும் முடிந்ததும், கார்னர் 2 யார்டுக்குள் நின்ற வரிகளை மட்டும் தனியாக எடுங்கள். சிலரிடம் இருபது இருக்கும், சிலரிடம் மூன்றுதான். மூன்றே மூன்று என்றால் அதை ஜெயித்தது என்றும் எழுத வேண்டாம், தோற்றது என்றும் எழுத வேண்டாம், சாட்சி போதாது என்று எழுதுங்கள். கல்லூரியில் பல கார்னர்கள் தள்ளித்தான் நிற்கிறார்கள்.

இருபது இருந்தால் பார்க்க வேண்டியது ஒன்றுக்கு மேற்பட்ட வழி இருக்கிறதா என்பதுதான். ஒரே தந்திரத்தை வைத்திருப்பவன் மூன்றாவது வாரத்திலேயே பிடிபடுவான், எதிரணியும் ஃபிலிம் பார்க்கும்.

இங்கே உடம்பைப் பார்த்து முடிவெடுப்பது பெரிய பிழை. டெவோன்டா ஸ்மித் அலபாமாவில் 2020இல் 117 கேட்ச், 1,856 யார்டு, 23 டச்டவுன் எடுத்து, கல்லூரியின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கினார். மருத்துவச் சோதனையின்போது எடை 166 பவுண்டு. இந்த உடம்பை என்எஃப்எல் கார்னர்கள் ஊதித் தள்ளிவிடுவார்கள் என்று பேசாத ஆள் இல்லை. ஃபிலிமைப் பார்த்தவர்களுக்குப் பதில் அதிலேயே இருந்தது: கார்னர் கைவைக்க முதலில் இவரைத் தொட வேண்டுமே. பிலடெல்ஃபியா 10ஆவது தேர்வில் எடுத்தது. எடை ஒரு கேள்வியைக் கிளப்பும், அவ்வளவுதான். விடை கால்களில் இருக்கிறது.

5. ரூட்: ஓடும் பாதையும் உடைக்கும் இடமும்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய பகுதி இதுதான். ஸ்டெம் என்பது கிளம்பியதிலிருந்து திரும்பும் இடம்வரை ஓடும் பாதை. நல்ல ரிசீவர் எல்லா ரூட்டையும் ஒரே மாதிரி தொடங்குவான். கோ ரூட்டும் (நேராக ஆழத்துக்கு ஓடுவது) கர்ல் ரூட்டும் (ஓடி நின்று பந்தை நோக்கித் திரும்புவது) முதல் 8 யார்டு ஒரே வேகம், ஒரே தோள் சாய்வு, ஒரே கை வீச்சு என்று இருந்தால் கார்னரால் ஊகிக்க முடியாது. கற்றுக்குட்டி கர்ல் ஓடும்போது ஐந்தாவது யார்டிலேயே வேகத்தைக் குறைத்து, எட்டில் நிமிர்ந்து, தான் திரும்பப் போவதை ஊருக்கே அறிவித்துவிடுவான்.

சோதிக்க ஒரு வழி: ஒரே பையனின் ஒரு கோ, ஒரு கர்ல் இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டு 6ஆவது யார்டில் நிறுத்துங்கள். எது எந்த ரூட் என்று உங்களால் சொல்ல முடிந்தால் கார்னராலும் முடியும்.

அடுத்தது நிற்பது. கர்ல், கம்பேக் போன்ற ரூட்டில் முழு வேகத்திலிருந்து நிற்க எத்தனை அடி எடுக்கிறான் என்று எண்ணுங்கள். மூன்று அடியில் நின்றால் அபாரம், ஐந்தாறு அடி தடதடவென்று எடுத்தால் அதற்குள் கார்னர் மேலே வந்துவிடுவார். இடுப்பு இறங்குகிறதா என்றும் பாருங்கள். நிமிர்ந்தபடியே திரும்புகிறவன் வளைவாகத்தான் திரும்புவான், பக்கக் கோட்டை நோக்கித் திரும்பும் அவுட் ரூட் வாழைப்பழம் மாதிரி வளைந்தால் அந்த வளைவுக்குள் புகுந்து கார்னர் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடிவிடலாம்.

பிறகு எண்ணிக்கை. ஸ்லான்ட், கர்ல், அவுட், டிக், போஸ்ட், கோ இப்படி ஒவ்வொன்றையும் எத்தனை தடவை ஓடினான்? சிலருடைய பட்டியலில் ஸ்கிரீனும் (முன்னால் ஆட்கள் தடுத்துக் கொடுக்க, கோட்டருகிலேயே வாங்கும் குட்டிப் பாஸ்) கோவும் தவிர ஒன்றும் இருக்காது. ஓடாததை ஓடத் தெரியாது என்று எழுதிவிடாதீர்கள். கோச் கேட்டதை மட்டும்தான் பையன் ஓடுகிறான், கேட்காததற்கு நாம்தான் முந்தைய வருட ஃபிலிமைத் தோண்ட வேண்டும்.

ஜஸ்டின் ஜெஃபர்சன் இதற்கு நல்ல பாடம். எல்எஸ்யூவில் (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) 2019இல் 111 கேட்ச், 1,540 யார்டு, 18 டச்டவுன், ஆனால் கிட்டத்தட்ட எல்லாமே ஸ்லாட்டில் நின்று எடுத்தது. இவர் ஸ்லாட் ஆள் மட்டும்தான், வெளியே நின்றால் திணறுவார் என்று பலரும் முடிவுகட்டினார்கள். 2018 ஃபிலிமை எடுத்துப் பார்த்தவர்களுக்கு அவர் பெரும்பாலும் வெளியே நின்றே 54 கேட்ச், 875 யார்டு எடுத்திருந்தது தெரியும். 2020 டிராஃப்டில் 22ஆவது இடம்வரை இறங்கி மினசோட்டாவிடம் வந்தார், முதல் சீசனில் 1,400 யார்டு. முந்தைய வருடத்து ஆட்டம் ஒன்று கட்டாயம் என்று மேலே சொன்னதற்குக் காரணம் இதுதான்.

6. பந்து: இப்போது பார்க்கலாம்

ஒருவழியாகப் பந்துக்கு வந்துவிட்டோம். உள்ளங்கையாலும் விரலாலும் உடம்புக்கு வெளியே பிடிக்கிறானா, நெஞ்சில் கட்டிப் பிடிக்கிறானா என்பது முதல் கேள்வி. நெஞ்சில் பிடிப்பவனுக்கு நடுவில் கார்னரின் கை நுழைய நேரம் கிடைக்கும். ஆழமான பந்தில் கையை எப்போது தூக்குகிறான் என்றும் கவனியுங்கள். கார்னர் பந்துக்கு முதுகைக் காட்டி ஓடும்போது ரிசீவரின் கண்ணையும் கையையும் பார்த்துத்தான் பந்து எப்போது வருகிறது என்று கண்டுபிடிப்பார். கடைசி நொடியில் கையைத் தூக்குபவன் அந்தத் துப்பைக் கொடுப்பதில்லை.

டிராப்புக்குப் பயப்படாதீர்கள். டிராப் எண்ணிக்கை ஒரு வருடத்துக்கும் அடுத்த வருடத்துக்கும் கன்னாபின்னாவென்று மாறும். ஏன் விட்டான் என்பதுதான் முக்கியம். பிடிக்கும் முன்பே ஓடத் திரும்பினானா? அது திருத்தக்கூடியது. அடி விழும் என்று தெரிந்து கையைச் சுருக்கினானா? அது கொஞ்சம் பெரிய கவலை.

இந்தப் பகுதியில் புதியவர்கள் மொத்தமாக ஏமாறுவது எங்கே தெரியுமா? கார்னர் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும்போது எம்பிப் பறிக்கும் கேட்சுகளில். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் ஒருவனுடைய நோட்டில் அப்படிப்பட்ட கேட்ச் வரிசையாக வந்தால் முதலில் கேட்க வேண்டியது, ஏன் ஒவ்வொரு தடவையும் கார்னர் அவ்வளவு பக்கத்தில் இருக்கிறார் என்பதைத்தான். ஃபீல்டிங்கில் எப்போதும் டைவ் அடித்தே பிடிக்கிறவர் கால் அசைக்க மறந்தவராகவும் இருக்கலாம். கல்லூரிக் கார்னர் மேல் எம்பிப் பிடிப்பவன், உயரமும் பலமும் சமமாக இருக்கும் இடத்துக்குப் போனால் அதில் பாதிதான் கையில் நிற்கும்.

7. பிடித்த பிறகும், பந்தே இல்லாதபோதும்

சுருக்கமாக: முதல் ஆளைத் தாண்டுகிறானா? ஸ்கிரீன் பாஸில் எடுத்த யார்டைத் தனியாக வையுங்கள், ஏனென்றால் அதில் முன்னால் தடுத்துக் கொடுத்தவர்களுக்கும் பங்கு உண்டு. பிளாக்கிங்கில் நுட்பத்தைவிட மனசைப் பாருங்கள், முட்டுகிறானா ஒதுங்கி நிற்கிறானா. மோசமாக பிளாக் செய்கிறான் என்பதற்காக மட்டும் ஒருவனைக் கீழே தள்ளாதீர்கள். சமமான இரண்டு பேருக்கு நடுவில் யாரை மேலே வைப்பது என்ற இடத்தில் இது உதவும்.

8. எண்களை இப்போது திறங்கள்

ஃபிலிமுக்குப் பிறகுதான் எண்கள் என்று பிடிவாதமாக இருக்கிறேன். எண் மோசமான சாட்சி என்பதால் இல்லை, ரொம்பச் சத்தமாகப் பேசும் சாட்சி என்பதால்.

முதலில் பங்கு. அணி ஒரு சீசனில் 3,000 யார்டும் 24 டச்டவுனும் பாஸில் எடுத்தது, பையன் 900 யார்டு, 9 டச்டவுன் என்று வைத்துக்கொள்வோம். யார்டில் 30 சதவீதம், டச்டவுனில் 37.5. இரண்டின் சராசரி சுமார் 34. இதைத்தான் டாமினேட்டர் என்கிறார்கள். மொத்த யார்டைவிட இது நியாயமானது, பந்தை அதிகம் எறியாத அணியில் இருப்பவனைத் தண்டிப்பதில்லை. ஆனால் மெக்லாரின் போல நெரிசலில் இருந்தவர்களை இதுவும் தவறவிடும், அதற்குத்தான் இரண்டாவது படியில் கூட ஆடியவர்கள் பெயரை எழுதிவைத்தோம்.

அடுத்து, ஓடிய ரூட் ஒன்றுக்கு எத்தனை யார்டு. 400 ரூட் ஓடி 800 யார்டு எடுத்தவனும் 320 ரூட்டில் 800 எடுத்தவனும் ஒன்றில்லை, முன்னவனுக்கு 2, பின்னவனுக்கு 2.5. காயத்தால் ஆட்டங்களைத் தவறவிட்டவர்களை இந்தக் கணக்குத்தான் காப்பாற்றும். பூக்கா நக்குவா 2022இல் பிஒய்யூவுக்காக (பிரிகம் யங் பல்கலைக்கழகம்) 9 ஆட்டத்தில் 48 கேட்ச், 625 யார்டுதான். மொத்த எண் யாரையும் திரும்பிப் பார்க்க வைக்காது. ஐந்தாவது சுற்றில் 177ஆவதாக ராம்ஸ் அணிக்குப் போய், 2023இல் 105 கேட்ச், 1,486 யார்டு என்று முதல் வருட ஆட்டக்காரருக்கான சாதனை படைத்தார்.

மூன்றாவது வயது. 19 வயதில் தன்னைவிடப் பெரியவர்களை ஓட்டி எடுத்தவனும் 23 வயதில் சின்னப் பையன்கள் மேல் குவித்தவனும் ஒன்றில்லை. எந்த வயதில் முதல்முறை அணியின் பங்கில் 20 சதவீதத்தைத் தாண்டினான் என்று பாருங்கள், சீக்கிரம் தாண்டியிருந்தால் நல்ல அறிகுறி. ஆனால் இது கத்தி இல்லை. கோவிட் காலத்தில் கல்லூரிகள் ஒரு வருடம் கூடுதலாகக் கொடுத்தன, அணி மாறுவதும் சுலபமாகிவிட்டது, 2021இலிருந்து கல்லூரியிலேயே விளம்பரப் பணம் வரலாம் என்பதால் தங்கிவிடுகிறவர்களும் அதிகம். வயதுக்காக ஒரு படி இறக்கலாம், பட்டியலை விட்டே தூக்கக் கூடாது.

9. கம்பைன்: எதை நம்புவது, எதை விடுவது

கம்பைன் என்பது டிராஃப்டுக்கு வரும் கல்லூரி ஆட்டக்காரர்களின் உடல்திறனை அணிகள் முன்னிலையில் சோதிப்பது, பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கத்தில் இண்டியானாபொலிஸில் நடக்கும். எல்லாரும் 40 யார்டு நேரத்தையே பேசுவார்கள். 2017இல் ஜான் ராஸ் 4.22 வினாடியில் ஓடிச் சாதனை வைத்தார், 2024இல் சேவியர் வொர்த்தி 4.21இல் அதை முறியடித்தார். ராஸ் 9ஆவது தேர்வு, காயங்களோடு போன முதல் சீசனில் ஒரு கேட்ச்கூட இல்லை. வொர்த்தி 28ஆவது தேர்வு.

வேகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேகம் கார்னரைப் பின்வாங்க வைக்கும், அந்தப் பின்வாங்கலைப் பயன்படுத்த ஐந்தாவது படியில் சொன்னபடி சட்டென்று நின்று திரும்பும் திறன் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் விலை. 40இன் முதல் 10 யார்டு நேரத்தையும் தனியாகக் குறியுங்கள், பெரும்பாலான ரூட்டின் விதி அதற்குள் முடிவாகிவிடுகிறது.

கூம்புகளைச் சுற்றி ஓடும் த்ரீ கோன் சோதனை நின்று திரும்பும் திறனைக் காட்டும். கப் 40இல் 4.62தான், ஆனால் த்ரீ கோனில் 6.75. டிகே மெட்காஃப் நேர் எதிர்: 228 பவுண்டு உடம்போடு 4.33, த்ரீ கோனில் 7.38, அதைப் பார்த்துப் பலர் பயந்து ஓடினார்கள். 2019இல் இரண்டாவது சுற்றின் கடைசியில், 64ஆவதாக சியாட்டல் எடுத்தது, முதல் சீசனில் 900 யார்டு. ஏன் அந்த 7.38 அவரைக் கவிழ்க்கவில்லை? கல்லூரியிலேயே அவர் சட்டென்று திரும்பி ஜெயித்தவர் இல்லை, நேராக ஓடி, பலத்தால் ஜெயித்தவர். சியாட்டலும் அதைத்தான் செய்யச் சொன்னது. ஸ்லாட்டில் நிற்கப் போகும் ஒருவனுக்கு 7.38 வந்திருந்தால் நானும் பயந்திருப்பேன்.

ஆக, எண்ணை ஃபிலிம் குறிப்போடு ஒட்டிப் பாருங்கள். பொருந்தினால் நகருங்கள். பொருந்தவில்லை என்றால், அதாவது ஃபிலிமில் யாரையும் தாண்டாதவன் கம்பைனில் 4.35 ஓடினால், தரத்தை உடனே மாற்றாமல் திரும்பப் போய் இன்னொரு ஆட்டம் பாருங்கள். கல்லூரியிலேயே நடக்கும் புரோ டே நேரங்கள் பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாக இருக்கும், கம்பைன் நேரத்தோடு சேர்த்து வரிசைப்படுத்தாதீர்கள்.

கம்பைனுக்கு முன்னால் அலபாமாவின் மொபீல் நகரில் சீனியர் பவுல் என்ற கல்லூரி ஆட்டக்காரர்களின் காட்சி ஆட்டம் நடக்கும். அந்த வாரப் பயிற்சியில் ரிசீவரும் கார்னரும் ஒருவருக்கொருவர் மோதும் வீடியோ கிடைத்தால் விடாதீர்கள். கல்லூரியில் பிரஸ் பார்க்காத பையனுக்கு அங்கே ஒரு நாளில் பத்து பிரஸ் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: உதவிக்கு ஆளில்லாத வெட்டவெளியில் நடப்பதால் ரிசீவருக்குத்தான் சாதகம். ஜெயிப்பது சாதாரணம், தோற்கும் விதத்தைக் கவனியுங்கள்.

10. நமக்குத் தெரியாத பகுதி

மருத்துவ அறிக்கை, நேர்காணல், பிளே புத்தகத்தை எவ்வளவு வேகமாகப் படிக்கிறான், இதெல்லாம் அணிகளுக்குத்தான் தெரியும். டிராஃப்ட் அன்று நீங்கள் மேலே வைத்திருந்த பையன் நான்காவது சுற்றுவரை இறங்கினால் 32 அணிகளும் முட்டாள்கள் என்று எழுதக் கிளம்பாதீர்கள். முட்டாள்தனமாகவும் இருக்கலாம், முழங்கால் ஸ்கேனாகவும் இருக்கலாம். பையனின் பண்பு பற்றி வரும் கிசுகிசுவை நோட்டில் ஏற்றவே கூடாது என்பது என் விதி.

11. ஒரு வரி, ஒரு இடம், ஒரு படி

கடைசியில் ஒவ்வொரு பையனுக்கும் ஒரே ஒரு வாக்கியம்: ‘இவன் இன்ன இடத்தில் நின்று, இன்ன வழியில் இடைவெளி உண்டாக்குவான்.’ எக்ஸ், இஸட், ஸ்லாட் மூன்றும் ரிசீவர் நிற்கும் இடங்கள். எக்ஸ் என்றால் கோட்டின் மேல் தனியாக நின்று பிரஸ்ஸைச் சந்திக்க வேண்டும். இஸட் கொஞ்சம் பின்னால் நிற்கும், ஸ்னாப்புக்கு முன் நகரலாம். ஸ்லாட்டுக்கு இரண்டு பக்கமும் திரும்ப இடமிருக்கும், ஆனால் நடுவில் அடி அதிகம். வாக்கியத்தில் ‘இன்ன வழியில்’ என்ற இடத்தை நிரப்ப முடியாமல் ‘நல்ல அத்லெட்’ என்று எழுதத் தோன்றினால் அந்தப் பையனுக்கு இன்னும் ஒரு ஆட்டம் பாக்கி இருக்கிறது.

பிறகு 1, 2, 3 என்று வரிசை போடாமல் படிகளாகப் பிரியுங்கள். முதல் நாளிலிருந்தே ஆடக்கூடியவர்கள், ஒரு வருடத்தில் ஆடக்கூடியவர்கள், ஒரே ஒரு வேலைக்கு உதவுகிறவர்கள், மற்றவர்கள். ஒரே படிக்குள் 6ஆவது யார், 7ஆவது யார் என்று ராத்திரி பன்னிரண்டு மணிவரை சண்டை போடுவது சுகமாக இருக்கும், பயன் ஒன்றுமில்லை. சுற்று முக்கியம் என்றாலும் அதுவே தலையெழுத்து இல்லை. பின்னாளில் லீக்கின் தலைசிறந்த ரிசீவர்களில் ஒருவரான அன்டோனியோ பிரவுன் 2010இல் ஆறாவது சுற்றில் 195ஆவதாகப் போனவர்.

12. நோட்டை அழிக்காதீர்கள்

டிராஃப்ட் முடிந்ததும் குறிப்பைத் திருத்தாமல் அப்படியே வைத்துவிட்டு, இரண்டு சீசன் கழித்துத் திறங்கள். யார் ஜெயித்தார்கள் என்று தேடுவதைவிட, எந்தக் கட்டத்தில் நீங்கள் எழுதியது பொய்த்தது என்று பாருங்கள். எனக்கு பிரஸ் பற்றிய வரிகள் ஓரளவு தேறுகின்றன, வேகம் பற்றியவை தொடர்ந்து சறுக்குகின்றன. உங்களுக்கு வேறாக இருக்கும்.

என் 2017 ஷீட் இன்னும் இருக்கிறது. ராஸுக்கு நேரே, 4.22 வந்த மறுநாள் நான் போட்ட இரட்டை அடிக்கோடு. நாலு வரி கீழே கப். ஃபிலிம் கட்டத்தில் ‘கர்ல், அவுட் எதிலும் முன்கூட்டித் தெரியவில்லை, மூன்று அடியில் நிற்கிறார், கார்னர் எப்போதும் ஒரு அடி தாமதம்’ என்று என் கையெழுத்தே இருக்கிறது. அதன் பக்கத்தில், கம்பைனுக்குப் பிறகு வேறு மையில் எழுதியது: ‘4.62. சின்னக் கல்லூரி. ஜூனில் 24 வயது. கீழே இறக்கு.’ ராம்ஸ் அவரை 69ஆவதாக எடுத்தது. 2021இல் 145 கேட்ச், 1,947 யார்டு, 16 டச்டவுன் என்று மூன்றிலும் லீக்கிலேயே முதலிடம்.